தீட்டுக்கல்லின் நுண்மை

உரோமாபுரியின் வரலாற்றை எழுதிய லிவி என்னும் ஆசிரியர் தமது நூலின் முதற் பகுதியில் ஒரு கதையைக் கூறுகிறார். தார்க்குவினியஸ் என்னும் அரசன், நிமித்தம் பார்ப்பவனாகிய அத்தஸ் நவியஸ் என்பவனை எள்ளி நகையாட விரும்பினான். தான் மனத்தில் எண்ணியிருக்கும் செயல் நிறைவேறக் கூடியதுதானா என்று அவனிடம் கேட்டான். நிமித்தகன் பறவைக் குறிகளை நோக்கி, நிறைவேறும் என்றான். தீட்டுக்கல் ஒன்றைச் சவரக்கத்தியால் அவன் அறுக்க வேண்டும் என்பதே தன் எண்ணம் என்று அரசன் கூற, நிமித்தகன் சற்றும் தயங்காது கத்தியை எடுத்துக் கல்லை அறுத்துவிட்டானாம்.

கதையை நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம். கல்தான் கத்தியைத் தேய்க்கும். கத்தி கல்லை அறுப்பதில்லை. அந்த இயற்கை ஒழுங்கைத் தலைகீழாக்கியதனாலேயே அஃது அற்புதமாயிற்று. ஆயினும் அக்கதை நமக்கு ஒரு செய்தியை ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகின்றது. சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பிரியாத இணையாக மக்கள் மனத்தில் நிலைபெற்றிருந்தன. இவ்விணையுள் கத்தியைப் பற்றிப் பலர் பேசியிருக்கின்றனர். கல்லைப் பற்றிப் பேசியவர் சிலரே. ஒரு கல் நுண்மையானதா, பருமையானதா என்று மனிதர் எங்ஙனம் அறிந்தனர் என்பதையே இன்று நாம் சிந்திக்கப் போகின்றோம்.

இச்சிந்தனையை என்னுள் விதைத்தவர் நூலாசிரியர் எவரும் அல்லர். 1960களின் தொடக்கத்தில், நோட்டன் பிரிட்ஜை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த முதிய நாவிதர் ஒருவரே அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்தின் கோடியில் நின்ற வாகை மரத்தடியில் அவர் வந்து அமர்வார். தமது அடைப்பத்தை அவிழ்த்துக் கத்தரிக்கோல், கத்தி, கிண்ணி, தோல்வார் ஆகியவற்றை வரிசையாக வைப்பார். எல்லாவற்றுக்கும் இறுதியில், பழந்துணியிற் சுற்றிய ஒரு கல்லை எடுப்பார். கையகல நீளமுடையது; ஒருபுறம் அரைத்த சந்தனம் போன்ற மஞ்சள்; மறுபுறம் கருஞ்செம்மை. அதனை அவர் மஞ்சக்கல் என்றே வழங்குவார். தம் தந்தையார் கையிலிருந்து வந்தது என்பதற்கு மேல் அதன் வரலாறு எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் தந்தையார் அதனைக் கொழும்பிலே வாங்கினாரா, ஒரு துரையிடமிருந்து பெற்றாரா என்பதும் தெரியாது. ஆனால் அக்கல் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை அவர் தம் உள்ளங்கையை அறிந்திருந்தது போல அறிந்திருந்தார்.

நோட்டன் பிரிட்ஜிலே கல்லுக்குப் பஞ்சமில்லை. பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி வரும் கெசல்கமு ஓயா அவ்வூர் வழியாகவே பாய்கின்றது. அவ்வாற்றை மறித்துக் கட்டிய அணையின் நீரைக் கொண்டே 1950ஆம் ஆண்டில் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1965ஆம் ஆண்டில் விமலசுரேந்திரா மின்நிலையமும் அங்கு எழுந்தது. சாலைக்காகவும் நீர்வழிக்காகவும் மலையை வெட்டிய இடங்களிலெல்லாம் பாறையின் உள்முகம் வெளிப்பட்டுக் கிடக்கும். அத்தனை கல் சூழ்ந்திருக்க, ஒரு நாவிதர் தம் கத்திக்கு ஏற்ற கல்லை அவற்றுள் தேடாமல், கடல் கடந்து வந்த ஒரு கல்லைத் துணியிற் பொதிந்து காத்தது ஏன்? சிறுவனாக இருந்த எனக்கு இந்த வினா விளங்கவில்லை. அவரிடம் கேட்டேன். பக்கத்திற் கிடந்த ஒரு பாறைத் துண்டை எடுத்து, நகத்தால் வருடிப் பார்க்கும்படி என் கையிற் கொடுத்தார். அவ்வளவே அவர் சொன்ன விடை.

அந்த விடையின் பொருளைப் பிற்காலத்தில் நில நூல் எனக்கு விளக்கிற்று. இலங்கையின் மலைநாடு மிகப் பழமையான உருமாறிய பாறைகளால் ஆயது. ஏறத்தாழ 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் ஆழத்தில் 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அவை வெந்தன. அத்தகைய வெப்பத்தில் நெடுங்காலம் கிடக்கும் பாறையினுள்ளே கனிப்பொருள்களின் மணிகள் பருத்து வளரும். ஆதலால் நம் மலைப்பாறையை உடைத்து நோக்கினால், வெண்ணிறப் படிக மணிகளும், கரிய மணிகளும், சிலவிடத்துச் செந்நிறக் கார்னெட் மணிகளும் வெறுங்கண்ணுக்கே புலனாகும். கார்னெட் கடுகளவிலும் மிளகளவிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரியும் மணி, கத்தியின் விளிம்புக்கு ஒரு பெரும் பாறாங்கல்லுக்கு ஒப்பானது. நன்கு தீட்டிய சவரக்கத்தியின் விளிம்பு ஒரு மைக்ரோனிலும் மெல்லியது. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு கூறு.

அந்த மஞ்சக்கல்லோ பெல்ஜிய நாட்டின் ஆர்தென் மலைப்பகுதியில், வில்சாம் என்னும் ஊரைச் சுற்றிய நிலத்திலே தோண்டப்பெறும் கல் வகை. அதன் நிறமும், இரு நிற அமைப்பும், நீர் கொண்டு தீட்டும் முறையும் ஐயமின்றி அதனையே காட்டுகின்றன. கொத்திக்கூல் என்பது அதன் பெயர். சிறிய தீட்டுக்கல் என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மென்சேறு, பின்னர் மலைகளின் அழுத்தத்தால் இறுகிக் கல்லாயிற்று. மஞ்சள் அடுக்குகள் மெல்லியவையும் எளிதில் முறியக்கூடியவையும் ஆதலின், பக்கத்திலுள்ள கருஞ்சிலேட்டை முதுகாக வைத்து அல்லது ஒட்டி அவற்றை விற்பது வழக்கம்.

இங்கே வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அம்மஞ்சட் கல்லில் எஃகைத் தேய்க்கும் பொருளும் கார்னெட்டே. நம் மலைப்பாறையிற் காணும் கார்னெட்டின் உறவுதான். மங்கனீசு மிகுந்த ஓர் இனம். ஆர்தென் பாறை கண்ட வெப்பம் நம் பாறை கண்ட வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியே. ஆகையால் அங்குக் கார்னெட் மணிகள் 5 முதல் 20 மைக்ரோன் அளவோடு நின்றுவிட்டன. அவை மென்மையான மைக்காவின் நடுவே, கேழ்வரகுக் களியில் மணல் விழுந்தாற் போல, எங்கும் ஒரு சீராகப் பரவியிருக்கின்றன. ஒரே குலத்துக் கனிப்பொருள் நோட்டன் பிரிட்ஜில் பாறையாய்க் கிடக்க, ஆர்தெனில் சவரக்கல்லாய் விலை போவதற்குக் காரணம் வெப்பத்தின் வேறுபாடே.

நேயர்களே, கல்லின் நுண்மையைப் பற்றி எழும் முதல் மயக்கம், கடினத்தையே நுண்மை என்று கொள்வது. இம்மயக்கத்தைத் தீர்க்க நம் மொழியிலேயே சான்று உண்டு. வைரத்துக்கு அடுத்த கடினமுடைய கனிப்பொருளை உலகம் இன்று கொரண்டம் என்று அழைக்கின்றது. ஆங்கிலத்துக்கு அச்சொல் நம் குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்தே சென்றது. நீலமும் மாணிக்கமும் குருந்தத்தின் ஒளிபொருந்திய வடிவங்களே. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை நகரின் மணிக்கடைத் தெருவைக் காட்டுமிடத்து, மாணிக்கத்தின் வகைகளை எண்ணிச் சொல்கிறது. அத்தகைய பழமையுடைய அறிவு நம்முடையது. சேலம் பகுதியிற் கிடைக்கும் ஒளியற்ற குருந்தத்தை இடித்துப் பொடியாக்கி, அரக்கோடு உருக்கிச் சேர்த்துச் சாணைச் சக்கரம் வார்ப்பது இந்திய நாட்டுக் கைவினைஞரின் பழைய முறை. 1798ஆம் ஆண்டில் சார்ல்ஸ் கிரெவில் என்பவர் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் இக்கல்லைப் பற்றிக் கட்டுரை வரைந்து ஐரோப்பிய அறிஞர்க்கு அதனை அறிமுகம் செய்தார்.

1812ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் வகுத்த கடின வரிசையில் குருந்தத்துக்கு 9, படிகக்கல்லுக்கு 7, கார்னெட்டும் ஏறத்தாழ 7. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மணற்படுகைகள் நீலக்கற்களுக்குப் பெயர் பெற்றவை. அதாவது நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, அதே ஆற்றின் தலைப்பகுதியில், மோஸ் வரிசையில் வைரத்துக்கு அடுத்த கடினமுடைய பொருள் கிடக்கின்றது. ஆனாலும் அது நாவிதருக்கு உதவாது. வயற் கருவிக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் சாணைச் சக்கரம் போதும். நாட்டுப்புறத்து உழவர் தீட்டுக்கட்டையின் மேல் வெங்கச்சங்கற் பொடியைத் தூவி அரிவாள் தீட்டுவதும் போதும். தேயிலைக் கிளையை அறுக்கும் விளிம்பு சற்றே அரம்போல் இருப்பது தீதன்று. மனிதன் கன்னத்தில் ஓடும் விளிம்போ அங்ஙனம் இருத்தல் ஆகாது. கடினம் கல்லின் வேகத்தைக் காட்டலாம்; அதன் நுண்மையைக் காட்டாது.

அங்ஙனமாயின் நுண்மையை எதனால் அளப்பது? வரலாற்றிலே இவ்வினாவுக்குப் பல நாட்டார் பல விடை கண்டனர்.

முதல் விடை, பிறந்த இடத்தைக் கொண்டு கல்லை மதிப்பது. கி.பி. 77இல் வெளிவந்த தமது இயற்கை வரலாற்றிலே பிளினி என்பார் தீட்டுக்கற்களை நாடு நாடாக வகுக்கின்றார். எண்ணெய் வேண்டும் கிரேத்தாத் தீவின் கல், நீர் வேண்டும் நக்சோஸ் தீவின் கல் என அவர் அடுக்கி வருகையில், மனித உமிழ்நீரால் நனைத்துத் தீட்டும் ஒரு வகையையும் குறிப்பிட்டு, அது நாவிதர் கடைகளுக்குரியது என்கின்றார். நாவிதர் கல்லைத் தனி இனமாகப் பிரித்துப் பேசிய மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் செருமனியின் தூரிங்கியா நாட்டுச் சிலேட்டுக்கல் புகழ் பெற்றது. சொன்னெபெர்க் நகரத்து எஷர் என்னும் நிறுவனத்தார் தம் முத்திரைத் தாளைக் கல்லில் ஒட்டி உலகெங்கும் அனுப்பினர். சப்பானில் கியோத்தோ நகரின் மேற்குமலைக் கற்கள் எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு என்ற பெயரோடேயே விலைபோயின. ஆனால் ஒரே சுரங்கத்தில் ஒரு கை தள்ளி எடுத்த கல்லும் வேறாக இருக்கும். முத்திரை வாங்குபவருக்கு ஆறுதல். அது கல்லுக்குச் சான்றாகாது.

இரண்டாவது விடை, நிறையைக் கொண்டு மதிப்பது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் நோவாகுலைட் என்னும் கல் உண்டு. இலத்தீனில் நோவாகுலா என்றால் சவரக்கத்தி. கல்லின் பெயரே அதன் தொழிலைச் சொல்கின்றது. முற்றிலும் நுண்படிகங்களால் ஆகிய இக்கல்லைக் குறித்து கிரிஸ்வோல்ட் என்னும் அறிஞர் 1890ஆம் ஆண்டின் நில அளவைக்காக விரிவான நூலொன்று எழுதினார். படிகத்தின் அடர்த்தி நீரினதைப் போல 2.65 மடங்கு. கல்லினுள் நுண்துளைகள் மிகுந்தால் அடர்த்தி குறையும். அத்தகைய கல் விரைந்து தேய்க்கும். துளைகள் அருகினால் அடர்த்தி 2.65ஐ நெருங்கும், அத்தகைய கல் மெல்லத் தேய்த்து விளிம்பை மெருகேற்றும். எனவே கல்லைக் காற்றிலும் நீரிலும் நிறுத்து, ஆர்க்கிமிடீசின் வழியிலே அதன் தரத்தைக் கணிக்கின்றனர். இது நேர்மையான அளவை. எனினும் ஒரே கனிப்பொருளால் ஆன கல்லுக்கே பொருந்தும். மஞ்சக்கல்லிலே கார்னெட் மிகுந்தால் நிறை கூடும், நுண்மை கூடுவதில்லை.

மூன்றாவது விடை, மணியின் பருமனைக் கொண்டு மதிப்பது. சாணைப்பொடியைச் சல்லடையிலிட்டுச் சலித்தும், மிக நுண்ணியதை நீரிற் கலக்கி அடியிற் படியும் நேரத்தைக் கணித்தும் தரம் பிரிப்பர். ஆலையிற் செய்த கல்லுக்கு இவ்வாறே எண் வழங்குகின்றனர். இயற்கைக் கல்லுக்கும் அத்தகைய எண் ஒன்றைத் தர வேண்டும் என்று பலர் முயல்கின்றனர். அம்முயற்சி நிறைவுறாமைக்குக் காரணங்கள் தெளிவானவை.

ஒன்று, இயற்கைக் கல்லின் மணிகள் ஒரே பருமன் உடையன அல்ல. இரண்டு, மணியின் வடிவம். கார்னெட் மணி பன்னிரு முகங் கொண்டது. அதன் மூலைகள் விரிந்தவை. ஏறக்குறைய உருண்டையே எனலாம். அது எஃகில் ஆழமாகக் கிழிப்பதில்லை. ஆழமற்ற பள்ளமே இடுகின்றது. உடைந்த கண்ணாடி போற் கூரிய மூலையுடைய மணி, பருமனிற் சிறியதாயினும் அதனினும் ஆழமாகக் கீறக் கூடும். மூன்று, மணியைப் பிடித்திருக்கும் களம். களம் மென்மையானால் மணிகள் எளிதிற் கழன்று நீரிற் கலந்து உருளும்; இறுகியதானால் மணியின் முனை மட்டுமே தலைநீட்டும். நான்கு, நீரும் கையின் அழுத்தமும்.

இந்த நான்காவது காரணத்தை நான் கண்கூடாகக் கண்டது வாகை மரத்தடியிலேதான். பெரியவர் முதலில் அதே இனக் கல்லின் சிறு துண்டொன்றால் மஞ்சக்கல்லை நீர்விட்டு உரைப்பார். பால் போன்ற குழம்பு எழும். அதில் கத்தியை ஓட்டுவார். குழம்பு சற்று நேரத்தில் சாம்பல் நிறமாகும். கழன்ற மணிகள் எஃகைத் தின்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர் விரல் நுனியால் ஒரு துளி நீர் சேர்ப்பார், மீண்டும் ஓட்டுவார், மீண்டும் ஒரு துளி. இறுதியிற் குழம்பு முழுவதையும் கழுவிவிட்டு, தெளிந்த நீரில், கத்தியின் சொந்த நிறையன்றி வேறு அழுத்தம் சேர்க்காது, சில முறை ஓட்டுவார். குழம்பு தடித்திருக்கையில் அக்கல் விரைந்து தேய்க்கும். ஆனால் உருளும் மணிகள் விளிம்போடு மோதி அதனைச் சற்றே மழுக்கியும் விடும். தெளிநீரில் அதே கல் மிக மெல்லத் தேய்த்து, முழுக் கூர்மையைத் தரும். ஒரே கல் தொடக்கத்திற் பருங்கல்லாகவும் முடிவில் நுண்கல்லாகவும் தொழில் செய்தது. இதற்கு எந்த எண்ணைச் சூட்டுவது?

அவர் கல்லைத் தேர்ந்த முறையையும் கூறுகின்றேன். ஒரு புதிய கல்லை யாரேனும் கொணர்ந்து காட்டினால், முதலில் ஒரு துளி நீரை அதன்மேல் விட்டு, உறிஞ்சுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பார். துளி மறைந்தால் அது சவரத்துக்கு ஆகாது என்பார். அடுத்து நனைந்த முகத்தை விரல்நுனியால் அன்றி நகத்தால் வருடுவார். தோல் அறியாத தடையை நகம் அறியும். பின்பு தம் கத்தியை விடுத்து, பழைய கத்தியொன்றை நாலைந்து முறை ஓட்டி, ஓசையைக் கேட்பார். மணல் நெரிவது போன்ற ஓசை ஓரிடத்தில் மட்டும் எழுந்தாலும் அவ்விடத்தே பெருமணி ஒன்று புதைந்திருக்கின்றது என்று பொருள். அந்தக் கல்லை அத்துடன் ஒதுக்கிவிடுவார். அதன் பின், கத்தியைத் துடைத்து வெயிலிற் சாய்த்துப் பிடித்துத் தீட்டிய பட்டையை நோக்குவார். தனித்தனிக் கீறல் தெரிந்தால் பருங்கல். மேகம் படர்ந்த வானம் போல மங்கிய ஒளி பரவினால் நடுத்தரம். முகம் தெரிந்தால் நுண்கல். இவை யாவும் அவருக்கு முன்னுரைகளே. தோல்வாரில் நீவிய பின் தம் முழங்கையின் கீழே ஒரு மயிரைத் தொட்டுப் பார்ப்பதே முடிவுரை.

இச்சோதனைகளுள் ஒன்றேனும் மூடவழக்கு அன்று என்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும். நீர்த்துளி துளைமிகுதியைக் காட்டுகின்றது. ஆர்க்கன்சாவில் தராசு செய்வதும் அதுவே. ஓசை மணிகளின் சீரின்மையைக் காட்டுகின்றது. வெயிலில் நோக்குவது கீறலின் ஆழத்தைக் காட்டுகின்றது. இன்று நுண்நோக்கியின் கீழ் ஆராய்வோர் செய்வதும் அதுவே. அவர் கல்லை அளக்கவில்லை. கல் எஃகின்மேல் விட்டுச் சென்றதை அளந்தார். இயற்கைக் கல்லின் நுண்மை கல்லுக்குள் இருக்கும் ஒரு பொருளன்று; கல்லும் நீரும் எஃகும் கையும் கூடுமிடத்துத் தோன்றும் விளைவு அது. இவ்வுண்மையை எழுத்தறியாத ஒரு முதியவர் செய்து காட்டினார்.

இந்த அறிவு ஏன் மறைந்தது? 1903ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கில்லெட் என்பவரின் நிறுவனம் தூக்கியெறியும் அலகு கொண்ட சவரக் கருவியை விற்கத் தொடங்கிற்று. அவ்வாண்டு முழுவதும் விற்றவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. ஆனால் முதல் உலகப் போரிலே அமெரிக்கப் படைவீரர் இலட்சக்கணக்கானோர் கையில் அக்கருவி சென்றது. பிளேடு என்ற பெயரில் அது உலகின் மூலை முடுக்கெல்லாம் புகுந்தது. தீட்ட வேண்டாத அலகு வந்தபின் தீட்டுக்கல்லுக்கு வேலை ஏது? இன்று சவர நிலையங்களில் ஒருவருக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் அலகே வழக்கமாயிற்று. குருதி வழிப் பரவும் நோய்களைக் கருதினால் அது வரவேற்கத்தக்கதே.

மறைவுக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றை நாம் மறைத்தல் ஆகாது. நாவிதத் தொழில் நம் சமூகத்திலே பிறப்போடு பூட்டப்பட்ட தொழிலாக இருந்தது. மயிர் வினைக்கு மட்டுமன்றித் திருமணத்துக்கும் இறப்புக்கும் அவர் வேண்டும். ஆனால் சமமாக அமர்த்த மாட்டோம். அக்குடும்பங்களின் பிள்ளைகள் அடைப்பத்தைத் துறந்து பள்ளிக்கூடம் சென்றது நியாயமே. எவரும் அதற்காக வருந்த வேண்டியதில்லை. வருந்த வேண்டியது வேறொன்று. அவர்கள் தொழிலை இழிவென்று கருதிய நாம், அத்தொழிலுக்குள் இருந்த அறிவையும் இழிவென்று கருதி, எழுதி வைக்காது விட்டோம்.

அதற்கு மேல், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சியோரை 1974ஆம் ஆண்டின் மற்றோர் உடன்படிக்கை பாதி பாதியாகப் பிரித்தது. அப்பெரியவரின் குடும்பம் 1970களிலே தலைமன்னாரிற் கப்பலேறிற்று. மஞ்சக்கல்லும் அவரோடு சென்றது. பெல்ஜிய நாட்டுக் கடலடிச் சேறு நோட்டன் பிரிட்ஜில் இரு தலைமுறை கூர்மை தந்துவிட்டு, இராமேஸ்வரத்துக் கரையில் இறங்கிற்று. அதன் பெயரைச் சொல்ல நான் கற்றபொழுது, கேட்பதற்கு அவர் இல்லை.

இம்மலைநாட்டுப் பாறைகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக அவர் விளங்கினார். கல்லைத் தேடி ஊர் ஊராகச் சென்றவர், அவ்வூர்களில் உலோகம் வார்ப்போரையும் மரம் செதுக்குவோரையும் கண்டு, அவர்தம் கைத்திறன் அழிவதை உணர்ந்து, 1908ஆம் ஆண்டிலே இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை வெளியிட்டார். கல்லை ஆராய்ந்தவர் கைகளையும் ஆராய்ந்தார் என்பதே அவரிடம் நாம் கற்க வேண்டிய பாடம்.

தோட்டத்து லயங்களிலே இன்றும் முதியோர் சிலர் இருக்கின்றனர். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டத் தெரிந்தவர், கொழுந்தின் பதத்தை விரலால் அறிபவர், மண்ணின் ஈரத்தை மணத்தால் சொல்பவர் உளர். அவர்களிடம் அறிவு எண்களாக இல்லை; ஓசையாகவும் தடையாகவும் ஒளியாகவும் இருக்கின்றது. நாம் சென்று அருகில் அமர்ந்து கேட்டால் அன்றி அது எழுத்தில் ஏறாது. நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணில் துணி சுற்றிய கல் ஒன்று கிடந்தால் அதனை எறிந்துவிடாதீர்கள். ஒரு துளி நீரை அதன்மேல் விட்டுப் பாருங்கள். அத்துளி நின்றால், உங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் அறிந்து தேர்ந்த கல் அது. அவர் யார் என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதி வையுங்கள்.